பகலில் படுக்க ஓர் இடம்

பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் மெத்தைக் கம்பெனிக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இருமினால்கூட என்னவென்று கேட்கிறார். அதனால்தான் காகிதம்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒன்று கேட்டாய். "உங்க ஊர்ல கடலோரமா சும்மா படுத்திருக்க இடம் இருக்காமே, நிஜமா?" என்று. நான் பதில் சொல்வதற்குள் அத்தையின் குரல் வந்தது. "யாரு படுக்கணும்? யாருக்கு என்ன உடம்புக்கு?" நீ உடனே நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். போனை வைத்த பிறகும் முதல் கேள்விதான் காதில் நின்றது.

இருக்கிறது அக்கா. பீச் கிளப் என்கிறார்கள். காலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் பொழுது சாயும் வரை ஒரு குடை, நீளமாக ஒரு படுக்கை நாற்காலி, ஒரு துண்டு. குளிக்கலாம், சாப்பிடலாம், ஒன்றும் செய்யாமலும் கிடக்கலாம். முக்கால்வாசிப் பேர் ஒன்றும் செய்யாமல்தான் கிடக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்தாய் என்று கேட்பாய். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இப்போது கடல் தண்ணீரையும் சோதிக்கிறோம். மாதம் ஒரு முறை ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளப்பாகப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவது என் வேலை. பின் கேட்டு வழியாகத்தான் போவேன். காய்கறி வண்டியும் குப்பை வண்டியும் நானும் ஒரே வழி. "தண்ணிப் பொண்ணு வந்துடுச்சு" என்பார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

உனக்காக மனசுக்குள் மூன்று கிளப்புகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்றில் எல்லாமே வெள்ளை: குடை, திரை, வேலைக்காரர்களின் செருப்புகூட. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அங்கே எடுத்த பாட்டில் எதுவும் இதுவரை தேறவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் வந்து கடலில் சேர்கிறது. முடிவை எழுதி மேலே அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. அங்கே முங்கி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வாய்வரை வரும். வாயைத் தாண்டாது.

இன்னொன்றில் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் மைக் பிடித்துக்கொண்டு ஒருவன் சுற்றிச் சுற்றி வருகிறான். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்பான். ஆமாம் என்றால் "கேக்கலையே" என்பான். படுத்திருப்பவர்களைக் கையைப் பிடித்து எழுப்பி ஆட விடுகிறான்.

மூன்றாவது, சாலை முடியும் இடத்தில் இருக்கிறது. சின்னது, பழையது. குடைகள் ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். பாட்டு கிடையாது. தண்ணீர் சுத்தம்; அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அதன் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததில்லை.

உனக்கு நிஜமாகவே வேண்டுமா, இல்லை சும்மா கேட்டாயா?

பூச்சி

---

பிப்ரவரி 15

என் வாயில்லாப் பூச்சிக்கு,

கடிதம் வந்தது. மேஸ்திரி கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்துவிட்டு, "கல்யாணமான பொம்பளைக்குக் கம்பெனி விலாசத்துல லெட்டரா?" என்றார். "என் தங்கச்சி படிச்சவ, எழுதுறா. உங்க வீட்டுல யாருக்காவது எழுத வந்தா உங்களுக்கும் போடுவாங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

படுப்பதற்குக் காசு வாங்குகிறார்களா? பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு வாங்கறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இங்கே சுவரில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறது. மெத்தை மேல் உட்காராதீர். திரும்பின பக்கமெல்லாம் மெத்தை. ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நடுவில் நின்றபடியே மெத்தை ஓரத்தில் துணிப் பட்டை வைத்து மிஷினில் அடிக்கிறோம். உன் மாமாவுக்கு இதில் ஒரு தமாஷ் உண்டு. "மெத்தையோடயே குடும்பம் நடத்துறவளுக்கு ஓய்வு வேற வேணுமாக்கும்." ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் தோன்றிய மாதிரி சொல்வார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்ப்பார், யார் சிரித்தார்கள் என்று.

நீ ஒன்று புரிந்துகொள். எனக்குத் தூக்கம் போதவில்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஊரோடு சேர்ந்து நானும் தூங்குகிறேன். எனக்கு வேண்டியது பகல். வெளிச்சம் இருக்க வேண்டும், நாலு பேர் நடமாட வேண்டும், நான் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். யாரும் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. இந்த வீட்டில் பகலில் படுத்தவள் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. மூன்றாவதாக ஒருத்தி கிடையாது.

நம் அம்மா பகலில் படுத்து நீ பார்த்திருக்கிறாயா? நான் ஒரே ஒரு நாள் பார்த்தேன். அன்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதனால், ஆமாம், நிஜமாகத்தான் கேட்டேன்.

வெள்ளைக் குடை வேண்டாம். சாக்கடை பார்க்க நான் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. மைக் பிடிக்கிறவனும் வேண்டாம். சந்தோஷமா இருக்கியா என்று என்னை யாராவது கேட்டால் அழுதுவிடுவேன், இல்லை அறைந்துவிடுவேன். அந்த மூன்றாவது இடத்துக்குப் போ. வெயில் நகர்ந்தால் குடையை நகர்த்துவார்களா, படுத்தவளை நடுவில் எழுப்புவார்களா, நம்மைப் போன்ற ஆட்களை உள்ளே விடுவார்களா என்றெல்லாம் கேட்டு எழுது. முன் கேட்டு வழியாகப் போய்க் கேள். காய்கறி வண்டியோடு போகாதே.

அக்கா

---

பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போனேன். என்ன நடந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, கையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டு, முன் கேட்டுக்கே போனேன். நீலப் பெயிண்ட் அடித்த மரக் கேட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு வாட்ச்மேன். கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தண்ணிப் பொண்ணு, ஞாயித்துக்கிழமையும் விடலையா? பின் கேட்டு தொறந்துதாம்மா இருக்கு, சுத்திப் போ."

அக்கா, நான் சுற்றிப் போனேன்.

வேலைக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் வரவில்லை. பின் கேட்டு வழியாக நுழைந்து, சமையலறை ஓரமாக நடந்து, நேரே கடலுக்குள் இறங்கினேன், அந்த நல்ல உடுப்போடு. எல்லாரும் பார்க்கிறார்களே என்று என் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டு, அதில் கடல் தண்ணீரைப் பிடித்து, மூடியை இறுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக அப்படித்தான் பார்ப்பேன். துண்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். இடுப்புவரை சொட்டச் சொட்டப் பஸ் ஏறினேன். தாகமாக இருந்தது. கையில் கடல்தான் இருந்தது.

ஆனால் இடம் நன்றாக இருக்கிறது அக்கா. படுத்திருந்தவர்களைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை. ஒரு பெண் தன் இரண்டு கால்களையும் மணலில் புதைத்துவிட்டு, அவற்றை மறந்துவிட்ட மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னை எப்படி அனுப்புவார்கள் என்றும் யோசித்தேன். ஒரு வழி இருக்கிறது. முதுகு வலி, கடற்கரை ஊரில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறாராம், தங்கச்சி நேரம் வாங்கி வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிடு. யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். டாக்டர் சொன்னதாக நானே ஸ்பீக்கரில் சொல்லிவிடுகிறேன். நீ காலையில் வந்து படுத்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். என்ன சொல்கிறாய்?

பூச்சி

---

மார்ச் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

பட்டம் வாங்கின பெண். நம் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் போகாத இடத்துக்குப் போனவள். ஒரு வாட்ச்மேன் சுற்றிப் போ என்றால் சுற்றிப் போகிறாய். போனதோடு விட்டாயா? செய்யாத வேலையைச் செய்கிற மாதிரி நடித்துவிட்டு வந்திருக்கிறாய். உன்னை அங்கே யார் கேட்டார்கள்? உன் கையில் பாட்டில் இல்லாவிட்டால் நீ அங்கே நிற்கக் கூடாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நீயாகவே சொல்லிக்கொண்டாய்.

இப்போது எனக்கும் ஒரு பாட்டில் கொடுக்கிறாய். முதுகு வலி.

முதுகு வலி என்றால் அனுப்புவார்கள், எனக்குத் தெரியாதா? உன் மாமாவே பஸ் ஏற்றிவிடுவார். அத்தை வழிக்குத் தைலம் கொடுத்து அனுப்புவார். வந்த பிறகு, "டாக்டர் என்ன சொன்னார், மருந்து எங்கே, காட்டு" என்பார்கள். நான் வாரக்கணக்கில் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, நடப்பேன். ஆனால் அங்கே போய்ப் படுத்தால் நான் நோயாளியாகத்தான் படுத்திருப்பேன். அதற்கு இந்த வீட்டிலேயே படுக்கலாமே, பஸ் காசு மிச்சம்.

நீ பாட்டிலோடு போன மாதிரி நான் வியாதியோடு வர மாட்டேன். படுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வர முடிந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் அந்தக் கடல் அங்கேயே கிடக்கட்டும்.

அக்கா

---

மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

படித்தவள், பட்டம் வாங்கினவள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். படிப்பு வாய் கொடுக்கும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் செய்கிறேன். கல்லூரியில் நான் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசிப் பழகிய பேச்சை அங்கே வந்து பேசினார்கள். நம் வீட்டில் சாப்பிடும்போது யார் பேசினார்கள்? பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காதே என்று என் வாயைப் பொத்தியது யார்? நீதான். அடுப்படியில் வைத்துத் தொடையில் கிள்ளுவாய். அந்த இடம் எனக்கு இன்னும் தெரியும். பூச்சி என்று பெயர் வைத்ததும் நீதான்.

இப்போது பேசு என்கிறாய்.

சரி. எனக்குத் தைரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உனக்கு இருக்கிறதா? நீ மேஸ்திரியிடம் பேசுவாய், என்னிடம் பேசுவாய். வீட்டில் அத்தை கேட்டதும் பேச்சை மாற்றி என் சாப்பாட்டை விசாரித்தவள் நீ. நான் வாட்ச்மேனைப் பார்த்துச் சுற்றிப் போனேன். நீ உன் மாமியாரைப் பார்த்துச் சுற்றிப் போகிறாய். வித்தியாசம் என்ன?

"நான் படுக்கப் போகிறேன்" என்று கூடத்தில் நின்று சொல்லிப் பார். நீ சொன்ன அன்றைக்கு நான் முன் கேட்டுக்குப் போகிறேன். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

உன் தங்கை

---

மார்ச் 30

பூச்சிக்கு,

கிள்ளினேன்தான். அம்மா என்னைக் கிள்ளினாள், நான் உன்னைக் கிள்ளினேன். என் மகள் குட்டியை நான் இன்னும் கிள்ளவில்லை. அவள் வாய் இந்தத் தெரு முழுக்கக் கேட்கிறது.

நீ எழுதினதைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நாள் மிஷின் ஓட்டினேன். ஊசி இரண்டு உடைந்தது. நேற்றைக்கு முந்தின ஞாயிறு சொன்னேன். கூடத்தில் வைத்தே சொன்னேன். உன் மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் ஒரு நாள் தங்கச்சி ஊருக்குப் போறேன்" என்றேன். எதற்கு என்றார் உன் மாமா. "கடலோரத்துல படுத்திருக்க" என்றேன்.

பிரஷ் நின்றது. "படுத்திருக்கவா?"

"ஆமா."

"அங்க போய்?"

"ஆமா."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாதி என்றால் வைத்தியம் பேசலாம். கல்யாணம், கருமாதி என்றால் யார் யார் போவது என்று பேசலாம். இதற்கு அவரிடம் பேச்சு இல்லை. அத்தைதான் வாயைத் திறந்தார். "வீட்டுல இடமில்லையா, கடலுக்குப் போய்ப் படுக்கணுமா? கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க, மருமக படுக்க ஊர் ஊராப் போறான்னு." நான் சமையலறைக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் அல்லவா?

ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. நேற்று ஞாயிறு. மத்தியானம் சமையலுக்கு உட்காருகிற நேரம். அத்தை கூடத்தின் நடுவில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு முனகல் வேறு. "எனக்கு முடியலை. இனி நான் எத்தனை நாளோ. என்னை விட்டுட்டு எங்க வேணா போகட்டும்." முனகலுக்கு நடுவில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கஞ்சி வைக்க வேண்டும், காலைப் பிடிக்க வேண்டும், ஊருக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த வீட்டில் பகலில் படுக்க ஒரே ஒரு சீட்டுதான் உண்டு, வியாதி. அதை அவர் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கும் வேறு வழி தெரியாது, பாவம்.

அடுப்பை அணைத்தேன். இன்னொரு பாயை எடுத்து வந்து அவர் பக்கத்தில் விரித்து, காலை நீட்டிப் படுத்தேன்.

முனகல் நின்றுவிட்டது. "என்னடி பண்றே?"

"படுத்திருக்கேன் அத்தை."

"உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க முனகுங்க."

விளையாடிவிட்டு வந்த குட்டி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வந்து எங்கள் இருவர் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தாள். "அம்மாவுக்கும் சுடலை. பாட்டிக்கும் சுடலையே" என்றாள். அத்தை "போடி அந்தப் பக்கம்" என்று கையைத் தட்டிவிட்டார். முடி வெட்டிக்கொண்டு உன் மாமா வந்தார். வாசலில் இருந்தே "சாப்பாடு" என்றார். கூடத்துக்கு வந்து பார்த்தார். சமையலறைக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றார்.

"அத்தைக்கு முடியலை. எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தமாஷ் எதுவும் சொல்லவில்லை. கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். அத்தை எழுந்து உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார். நான் படுத்தபடியே இருந்தேன். மேலே ஓடு எத்தனை இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று நேற்றுதான் பார்த்தேன்.

போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிறு, முதல் பஸ்ஸில் வருகிறேன்.

நான் சொல்லிவிட்டேன். உன் முறை.

அக்கா

---

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

இன்று காலை போனேன். பாட்டில் எடுத்துப் போகவில்லை. அதனால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அதே வாட்ச்மேன், அதே நாற்காலி. "தண்ணிப் பொண்ணு, பின் கேட்டும்மா" என்றார்.

"நான் வேலைக்கு வரலை" என்றேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

"அப்புறம்?"

"படுக்க வரணும். நானும் எங்க அக்காவும். அடுத்த ஞாயிறு."

அவர் எழுந்து நின்றார். கோபமா என்று பார்த்தேன், இல்லை. "யாரு வீட்டுப் பார்ட்டி?" என்று கேட்டார். பார்ட்டி இல்லை என்றேன். "அப்ப சும்மாவா?" என்றார். சும்மாதான் என்றேன். கேட்டைத் திறந்துவிட்டார். எனக்குப் பின்னால், "சும்மா வர்றாங்களாம்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "என்ன விசேஷம் மேடம்? பிறந்த நாளா, கல்யாண நாளா? விசேஷம்னா கேக் கொடுப்போம்" என்றாள். கேக் என்றதும் கொஞ்சம் ஆடிப்போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் "ஒண்ணுமில்ல" என்றேன். முன் வரிசையில் இரண்டு படுக்கை நாற்காலி, ஒரே குடை, நம் பெயரில். வெயில் நகர்ந்தால் குடையை நகர்த்துவார்கள். படுத்தவர்களை எழுப்ப மாட்டார்கள், கேட்டுவிட்டேன். எந்த உடுப்பிலும் படுக்கலாம். நம்மைப் போன்ற ஆட்களை விடுவார்களா என்று மட்டும் கேட்கவில்லை. அதை இனி யாரிடமும் கேட்பதாக இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

பூச்சி

---

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாமா போனில் சொன்னார். "உங்க அக்கா மூஞ்சி கறுத்துப்போய் வந்திருக்கா" என்றார். கறுத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறாய்.

நீ தூங்கிவிட்டதால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

முதலில் நீ படுத்த அழகை நீயே பார்த்திருக்க வேண்டும். நாற்காலி மெத்தையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "எவ அடிச்சா இதை, பட்டை கோணலாப் போகுது" என்றாய். பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கப் படுப்பவள் மாதிரி விறைத்துப் படுத்தாய். வயதான யாராவது கடந்து போனால் எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். "அவர் உன் மாமனார் இல்லக்கா, படு" என்று எத்தனை தடவை சொன்னேன். வெயில் ஏறின பிறகுதான் உன் விரல்கள் தளர்ந்தன. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாய். கொஞ்ச நேரத்தில் அது ஏறி இறங்க ஆரம்பித்தது.

நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கூட்டம் வந்தது. நல்ல பணக்காரக் குடும்பம், பார்த்தாலே தெரிந்தது. எல்லாரும் ஒரே வரிசையில் படுக்க வேண்டும் என்றார்கள் போலிருக்கிறது. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து குனிந்து, மெல்லிய குரலில் பேசினார்.

"நீங்க ரெண்டு பேர்தானே மேடம், பின் வரிசையில நல்ல இடமாத் தர்றேன். அவங்க குடும்பமா வந்திருக்காங்க. அக்காவைக் கொஞ்சம் எழுப்பினீங்கன்னா..."

"எழுப்ப முடியாது" என்றேன்.

அவர் உன்னைப் பார்த்தார். முகம் மூடி, கை கால் நீட்டி, அசையாமல் கிடந்தாய். அவர் குரல் மாறிவிட்டது. "உடம்பு சரியில்லையா? சொல்லியிருக்கலாமே. அப்படின்னா நாங்க தொந்தரவே பண்ண மாட்டோம்."

அக்கா, அவர் அந்தச் சாக்கைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பேசக்கூட வேண்டியதில்லை. அவர் போய்விடுவார், நீ தூங்கிக்கொண்டிருப்பாய், உனக்குத் தெரியவும் தெரியாது. என் தலை பாதி ஆடியே விட்டது.

எழுந்து நின்றேன். "எங்க அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காங்க. படுத்திருக்காங்க. நான் எழுப்ப மாட்டேன், நீங்களும் எழுப்பக் கூடாது. இந்த இடம் எங்க பேர்ல இருக்கு."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் குடையில் இருந்தவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். துண்டு அடுக்குகிற அந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டார். நான் உட்காரவில்லை. மேற்பார்வையாளர் கையில் இருந்த பட்டியலில் நம் பெயரைத் தேடிப் பார்த்தார். பிறகு அந்தக் கூட்டத்தைப் பின் வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் அவர்கள் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ ஒன்றும் தெரியாமல் குறட்டை விட்டாய். ஆமாம், நீ குறட்டை விடுகிறாய். அதற்குப் பிறகுதான் நானும் படுத்தேன். எழுந்தபோது கடல் நம் கால்மாட்டுக்கே வந்திருந்தது. "எவ்வளவு நேரமாச்சு?" என்று பதறி எழுந்தாயே, நான் "தெரியாது" என்றேனே. அது உண்மை. நான் பார்க்கவில்லை.

நாளைக்கு மறுபடியும் அங்கே தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். ஐஸ் பெட்டியோடு முன் கேட்டு வழியாகப் போகலாம் என்று இருக்கிறேன். வாட்ச்மேன் என்ன சொல்கிறார் பார்க்கலாம்.

பூச்சி

---

ஏப்ரல் 27

வாயுள்ள பூச்சிக்கு,

நான் குறட்டை விடவில்லை. அது கடல்.

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மிஷின்காரிக்குப் படித்துக் காட்டினேன். "எழுப்ப மாட்டேன்" என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நீ நின்றுகொண்டிருந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. பிறகு, அது சரிதான் என்றும் தோன்றியது. விழித்திருந்தால் நான் பேசியிருப்பேன், நீ வழக்கம் போல என் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பாய்.

இங்கே எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் திரும்பி வந்த அன்று கழுவாத பாத்திரம் அப்படியே காத்திருந்தது. உன் மாமா புதுத் தமாஷ் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ படுக்கிறதுக்குன்னே டிக்கெட் எடுத்துப் போயிட்டு வந்தவ" என்கிறார். நான் "அடுத்த வருஷமும் போவேன்" என்கிறேன். வந்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

நேற்று ஞாயிறு. சமையல் முடித்து, எல்லாருக்கும் போட்டு, நானும் சாப்பிட்டேன். பிறகு கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். எதிர்வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தவள் வாசலிலேயே நின்று, "உடம்பு சரியில்லையா?" என்றாள். "நல்லா இருக்கேன், உள்ள வா" என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. அவள் உள்ளே வரவும் இல்லை.

அத்தை இதையெல்லாம் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி போனதும் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பாய்க்கு வந்தார். காலால் என்னை ஒரு இடி இடித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படு."

தள்ளினேன். படுத்தார். தலையில் துணி கட்டவில்லை, முனகவும் இல்லை. நான்தான் கேட்டேன்.

"உடம்புக்கு என்ன அத்தை?"

கூரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணுமில்ல."

அக்கா